மேடத்துக்கு ஒரு கூடு

மச்சாள்,

வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் மணக்கிறது. அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது, அந்த மணத்தையும் இது தூக்கி விழுங்குகிறது. காலையில் காத்தான்குடிக்குப் போய் பெயின்ட் காயாத ஒரு இரும்புக் கூடு வாங்கி வந்தேன். நாய்க்கூடு. ஓம், நானேதான். "நாய்க்குக் கூடு செய்யிற மனுசிய நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்று உங்களைப் பார்த்து வயிறு நோகச் சிரித்த அதே நான். வரும் வழியில் ஆட்டோக்காரன், "என்னக்கா, கோழிக்கா?" என்றான். "நாய்க்கு" என்றேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டினான். வீட்டுக்கு வந்து கூட்டை இறக்கி வைத்து, அதன் கொளுக்கி 'டக்' என்று விழுந்ததும் பேனாவை எடுத்து உங்களுக்கு எழுதத் தொடங்கினேன். குழம்பைக் கிளறிக் கிளறி எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் குறை சொல்லாதீர்கள்.

நீங்கள் குவைத்திலிருந்து திரும்பி வந்ததை நினைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் தங்கம் கொண்டு வருவார்கள், கம்பளி கொண்டு வருவார்கள். நீங்கள் கொண்டு வந்தது ஒரு பேச்சு. "நாய் வளக்கிறதெண்டா பெட்டியில வளக்கோணும் கா." நீங்கள் வேலை செய்த வெள்ளைக்காரர் வீட்டில் நாய்க்குட்டிக்குக் கம்பிப் பெட்டி, பெட்டிக்குள் மெத்தை, மெத்தைக்கு மேல் போர்வை. உங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய். "நாய் குறட்டை விடும், நான் முழிச்சுக் கிடப்பன்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அந்தக் குட்டியைப் பழக்கியது நீங்கள். அந்த வீட்டு மேடத்துக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

அதனால்தானே இங்கே கல்லடியில், நம் வளவு வேலியோரம் தெருநாய் ஒன்று போட்ட குட்டியைத் தூக்கி வந்து 'மேடம்' என்று பேர் வைத்தீர்கள். "இவ்வளவு காலமும் நான் ஓம் மேடம், ஓம் மேடம் எண்டு நிண்டன். இனி மேடம் எனக்கு ஓம் சொல்லட்டும்."

கூடு தேடி நாம் அலைந்த அலைச்சல்! முதலில் தேயிலைப் பெட்டி ஒன்று கொண்டு வந்தேன். உள்ளே இருட்டு, ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தள்ளிவிட்டீர்கள். மீன் பெட்டி நாறும் என்றீர்கள். கோழிக்கூடு பெரிது என்றீர்கள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். "இடம் கூடினா ஒரு மூலையில படுக்கும், மற்ற மூலையில அசிங்கம் பண்ணும். எழும்பி நிக்கோணும், திரும்போணும், காலை நீட்டிப் படுக்கோணும், அவ்வளவுதான்." பிறகு குட்டியின் தாயை, அந்தச் சொறி பிடித்த தெருநாயை, ரொட்டித் துண்டு காட்டி நிற்க வைத்து ஒரு நூலால் அளந்தீர்கள். குட்டி வளர்ந்தால் அவ்வளவுதான் வளருமாம். நூலை எடுத்துக்கொண்டு டவுனில் இரும்பு வேலை செய்யும், போர்த்துக்கேய வழிப் பறங்கியர் ஒருவரிடம் போனோம். அவரும் "கோழிக்கா?" என்றுதான் கேட்டார். "இல்ல, மேடத்துக்கு" என்று நீங்கள் முகம் மாறாமல் சொன்னீர்கள். அந்த மனிதர் நூலைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், பிறகு கம்பியை எடுத்து வளைக்கத் தொடங்கினார்.

குட்டி சிறியதாக இருக்கும்வரை கூட்டின் நடுவில் ஒரு பலகையைச் செருகி இடத்தைக் குறுக்கி வைத்தீர்கள். முதல் கொஞ்ச நாள் கதவைச் சாத்தவே இல்லை. சோற்றுக்குள் கருவாட்டுத் தலையைப் பிசைந்து உள்ளே வைப்பீர்கள். மேடம் தானாகப் போய்த் தின்றுவிட்டுத் தானாக வரும். நான் பொறுக்காமல் ஒருநாள் பின்னால் தள்ளிவிட்டதற்கு என் கையில் ஒரு அடி போட்டீர்கள். "தள்ளினா அது மறியல், ஜெயில். தானாப் போனாத்தான் வீடு." பிறகு நாம் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம் மட்டும் கதவைச் சாத்தினீர்கள். உள்ளே இருந்து அது ஊளையிட்டால் திறக்க மாட்டீர்கள். வாயை மூடியதும் திறப்பீர்கள். "அழுதா திறக்கும் எண்டு பழகினா, அது எங்களைப் பழக்கிப் போடும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெறும் பால்மாத் தகரப் பேணி ஒன்றை எடுத்து, அகப்பைக் காம்பால் 'டங் டங்' என்று தட்டி, "மேடம், உள்ள!" என்று பழக்கத் தொடங்கினீர்கள். தட்டியதும் உள்ளே ஓடினால் கருவாடு. கொஞ்ச நாளில் வாயால் சொல்லவே தேவைப்படவில்லை. பேணிச் சத்தம் கேட்டால் எங்கே நின்றாலும் காதை மடக்கிக்கொண்டு கூட்டுக்குள் பாய்வாள். எதற்கு இந்தச் சேர்க்கஸ் என்று கேட்டேன். அப்போது உங்கள் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. தொண்ணூறில் ஷெல் விழுந்தபோது உங்கள் பழைய நாய் வெருண்டு ஓடியதைச் சொன்னீர்கள். நீங்களெல்லாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தும் அது வரவில்லையாம். "சத்தம் கேட்டா வெளிய ஓடக் கூடாது. உள்ள வரோணும். மனிசருக்கும் அதுதான், நாய்க்கும் அதுதான்."

அது சமாதான காலம். ஷெல்லும் இல்லை, குண்டு போடும் கிபிர் விமானமும் இல்லை. ஆனால் உங்களை நான் மறுத்துப் பேசவில்லை. இந்தக் கரையில் பிறந்த எவர்தான் மறுத்திருப்பார்கள்? அந்தப் பாடம்தானே அத்தனை வருடம் நம்மை உயிரோடு வைத்திருந்தது.

நத்தாருக்கு அடுத்த நாள் காலை. உங்கள் தம்பி என்னை உங்களிடம் விட்டுவிட்டு வெல்லாவெளிப் பக்கம், வட்டையில் வயல் பார்க்கப் போய்விட்டார். பக்கத்து வளவுப் பறங்கி அன்ரி தந்த கிறிஸ்மஸ் கேக்கை வைத்துக்கொண்டு உங்கள் குசினி வாசலில் இருந்தோம். முந்திரி குறைவு என்று நீங்கள் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுத்தீர்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. கடல் பக்கமிருந்து, வானத்தைக் கிழித்துக்கொண்டு வருவதுபோல. நாம் இருவரும் வானத்தைப் பார்த்தோம் மச்சாள்! கடலைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தோம்.

"கிபிர்! முடிஞ்சுது கா சமாதானம்" என்றீர்கள்.

வேலிக்கு அப்பால் அன்ரி வீட்டார் முற்றத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வீட்டில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. உலகத்தில் வேறு எந்தக் கரையிலாவது கடல் வரும்போது மனிதர்கள் மண்ணில் படுத்திருப்பார்களா? கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போயிருப்பார்களா? 

நீங்கள் உள்ளே ஓடிப் பேணியை எடுத்துத் தட்டினீர்கள். மேடம் முற்றத்தில் நின்றாள். காது இரண்டும் நிமிர்ந்திருந்தன. பேணியைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கடலுக்கு முதுகு காட்டி வாவிப் பக்கமாக ஓடத் தொடங்கினாள். ஒருநாளும் அப்படிச் செய்யாதவள்.

"மேடம்! உள்ள! உள்ள!" என்று கத்தினீர்கள். என்னைப் பிடித்து வெளியே தள்ளினீர்கள். "ஓடிப் பிடிச்சுக் கொண்டு வா கா, வெளிய திரிஞ்சா குண்டில போயிரும். நான் தட்டிக்கொண்டு நிக்கிறன், சத்தத்துக்கு வரும்."

அந்த நாயைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் 'டங், டங், டங்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் தூரம் போகப் போக, நீங்கள் இன்னும் பலமாகத் தட்டினீர்கள். ஆட்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள். ஒருவர் "கடல் வருது! கடல் வருது!" என்று கத்தினார். எனக்கு விளங்கவில்லை. கடல் எப்படி வரும்? கடல் என்ன மாடா, கயிறு அறுத்துக்கொண்டு வர? அப்போதும் பேணிச் சத்தம் கேட்டது. மேடம் வாவிப் பாலத்தடி மேட்டில் ஏறினாள், நானும் ஏறினேன். அவளை அமுக்கிப் பிடித்துத் தூக்கினேன். தூக்கிக்கொண்டு உங்களிடம் வருவதற்காகத் திரும்பினேன்.

பேணிச் சத்தம் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்த இடத்தில் தெரு இல்லை, வேலி இல்லை, உங்கள் வீட்டு ஓட்டுக் கூரை இல்லை. கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது. நான் அழவில்லை. "சரி, கொண்டு வாறன், கொண்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டே நின்றேனாம். பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

உங்களை உங்கள் தம்பிதான் கண்டெடுத்தார். அதை எழுத மாட்டேன். கூட்டை நான் கண்டெடுத்தேன். வாவியோரக் கண்டல் மரங்களுக்குள் நசுங்கிக் கிடந்தது. அதன் கதவை முழுக்கத் திறந்து, பின்னால் மடித்து, உங்கள் சிவப்புத் துவாயால் கட்டியிருந்தீர்கள். மேடம் ஓடி வரும்போது கதவு சாத்திக்கொள்ளக் கூடாது என்றுதானே? கம்பியெல்லாம் வளைந்துபோய் இருந்தது. உங்கள் முடிச்சு அவிழவில்லை. ஐயோ மச்சாள், அந்த முடிச்சைப் பார்த்துத்தான் நான் அன்று வாய்விட்டுக் கத்தினேன்.

அதன் பிறகு நாங்கள் கடலை விட்டு விலகிக் களுவாஞ்சிக்குடிக்கு வந்துவிட்டோம். மேடமும் வந்தாள். ஆனால் கதவு உள்ள எதற்குள்ளும் அவள் நுழைந்ததில்லை. மாரி மழையிலும் மாமரத்தடியில்தான் படுக்கை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. பால்மாவைப் பைக்கற்றில்தான் வாங்குவேன். வீட்டில் ஒரு வெறும் பேணியை வைத்திருக்க விட்டதில்லை.

இந்த வருடம் போர் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். தெருவில் வெடி கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் ஒரு பக்கம், வாய் திறக்காமல் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் ஒரு பக்கம். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் தொலைந்த பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். முதல் வெடிக்கு உங்கள் தம்பி மேசைக்குக் கீழே போய்விட்டார். நான் மேடத்தைத் தூக்கிக்கொண்டு பெருந்தெருவுக்கு ஓடினேன். அவர் உள்ளே இருந்து "உள்ள வா!" என்று கத்துகிறார், நான் வெளியே நின்று "வெளிய வாங்க!" என்று கத்துகிறேன். ஒரே வீட்டில் இருவர், ஆளுக்கொரு சாவுக்குப் பயந்து. பிறகு இருவரும் படியில் குந்தியிருந்து ஆளையாள் பார்த்தோம். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இப்போது மேடம் குட்டி போட்டிருக்கிறாள். போர் ஓய்ந்து பாதை திறந்ததிலிருந்து பெருந்தெருவில் பஸ்ஸும் லொறியும் ஓயாமல் பறக்கின்றன. ஒரு குட்டி போன கிழமை லொறிச் சில்லுக்குள் போய்விட்டது. மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. சின்ன மேடம். அதுவும் கேற்றுக்குக் கீழே தலையை நுழைத்துப் பழகிவிட்டது. இதையும் தெருவுக்குக் கொடுக்க என்னால் முடியாது. அதனால்தான் கூடு வாங்கப் போனேன்.

கடைக்கார முஸ்லிம் நானா நல்லதாக ஒன்றைக் காட்டினார். நான் தாயை நூலால் அளந்துகொண்டு போயிருந்தேன். அளவு சரி. ஆனால் கொளுக்கியில் ஒரு ஸ்பிரிங் இருந்தது, தானாகப் பூட்டிக்கொள்ளும். "உள்ள இருந்து தள்ளினாத் திறக்குமா நானா?" என்று கேட்டேன். "திறக்கிற எண்டா அது என்னத்துக்குத் தங்கச்சி கூடு?" என்று சிரித்தார். நான் கொளுக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை. "தங்கச்சி முந்தி எங்க இருந்த?" என்றார். கல்லடி, கடல் பக்கம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குறடு எடுத்து வந்து அந்த ஸ்பிரிங்கைக் கழற்றினார். "எங்கட வீட்டிலயும் ரெண்டு பேர்" என்றார்.  வரும் வழியில் பக்கத்துக் கடையில் ஒரு பால்மாப் பேணியும் வாங்கினேன்.

நான் மனதில் போட்ட கணக்கு வேறு, மச்சாள். கோபிக்காதீர்கள். பேணியைத் தட்டினால் உள்ளே அல்ல, வெளியே வரவேண்டும் என்று சின்ன மேடத்தைப் பழக்க நினைத்தேன். உள்ளே போவதற்குக் கருவாடு, வெளியே வருவதற்குப் பேணி. உங்கள் பாடத்தைத் தலைகீழாக்குவது.

சற்று முன்புதான் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தொடங்கினேன். சின்ன மேடம் தானாக உள்ளே போய்க் கருவாட்டைத் தின்றது. கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். ஊளையிட்டது. வாயை மூடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கதவைத் திறந்தேன். அது உள்ளேயே இருந்து வாலை ஆட்டியது. பேணியைக் கையில் எடுத்தேன். ஐந்து வருடமாகத் தொடாத சத்தம். அகப்பைக் காம்பால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு.

குட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. மாமரத்தடியில் படுத்திருந்த மேடம் எழும்பி நின்றாள். காதை மடக்கிக்கொண்டாள். குசினி வாசலைத் தாண்டி, என் காலை உரசிக்கொண்டு வந்து, கூட்டுக்குள் நுழைந்து, குட்டியைத் தள்ளி இடம் பிடித்துப் படுத்தாள். படுத்துக்கொண்டு என் கையைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அவள் மறக்கவே இல்லை, மச்சாள். அன்றைக்கும் மறந்து ஓடவில்லை. சத்தம் காதில் விழுந்தும், கடல் வருவது தெரிந்துதான் ஓடினாள். நான் நிலத்தில் குந்திவிட்டேன். பேணி உருண்டு போய் அடுப்படியில் நிற்கிறது. குழம்பு அடிப்பிடித்து மணக்கிறது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தம்பி வந்து பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கூட்டுக் கதவைப் பின்னால் மடித்துக் கட்டிவிட்டுப் போனார்.

அன்று பாலத்தடியில் நின்ற அந்தப் பேணிச் சத்தம் என் காதுக்குள் ஒருநாளும் நின்றதில்லை. சோறு கிளறும்போதும் கேட்கும், கோயிலிலும் கேட்கும். நான் கொண்டு வருகிறேன் என்று சொன்னவளைக் கொண்டு வராததால் நீங்கள் இன்னும் எங்கேயோ நின்று தட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படும்.

மேடம் உள்ளே வந்துவிட்டாள், மச்சாள். குட்டியும் இருக்கிறது. போதும், இனித் தட்ட வேண்டாம். உங்களுக்குக் கை நோகும்.