உன் கன்வெர்ட்டரைக் கழற்ற மாட்டேன்

சண்டைக்காரிக்கு,

இன்று காலை ஜங்ஷன் மேம்பாலம் ஏறும்போது உன் காருக்குள் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கண்ணாடியை இறக்கினால் இன்னும் அதிகமாக அடித்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி முக்கி முனகியதே தவிர ஏறவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பாலத்தின் நடுவில் வைத்து உன்னைத் திட்டினேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டுத்தான் திட்டினேன்.

நேராகத் திருவெறும்பூருக்கு, உன் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைச்சுக்கிச்சு மேடம். உள்ள இருக்கிறதை இடிச்சு எடுத்துட்டு வெறும் கூட்டை மட்டும் மாட்டிடுறேன். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். அந்த மேடமும் ரொம்ப நாளா இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாய், எனக்குத் தெரியாதா? புகையில் இருக்கும் விஷத்தைக் குறைத்து வெளியே அனுப்புகிற அந்தப் பெட்டிக்கு நீ வைத்த பேர் மூக்கடைப்பு. "மூக்கடைப்பை எடுத்துட்டா என் வண்டி எப்படி ஓடும் தெரியுமாடி?" என்று ஃபேக்டரி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்பாய். ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, கே.கே. நகர் வந்து என்னை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரு பொம்பளைக்கு எதற்கு அத்தனை வேகம் என்று நான் கேட்டால், "உனக்கு ரசனை இல்ல" என்பாய்.

ஜீயபுரம் சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பக்கம் வாழைத்தோப்பு, எதிரே டீக்கடை. அடுத்த வாரம் கழற்றப் போகிறேன் என்றாய். அப்படிச் செய்தால் உன் வண்டியில் இனி கால் வைக்க மாட்டேன் என்றேன். "யாருடி குனிஞ்சு பாக்கப்போறா?" என்று சிரித்தாய். டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீ விடுகிற ஆளா? பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாய். கண்டக்டர் என்னிடம், "அம்மா, அந்த கார் உங்களைத்தான் துரத்துது போலிருக்கு. இறங்கிக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வழிமறித்து நின்றாய்.

"ஏறுடி. ஊரே பாக்குது."

"கழட்ட மாட்டேன்னு சொல்லு."

"சரி, இப்போதைக்குக் கழட்டல. ஏறு."

அந்த இப்போதைக்கு என்ற வார்த்தையோடுதான் நான் வண்டியில் ஏறினேன். அதற்கு அப்புறம் நமக்குள் அந்தப் பேச்சு முடியவே இல்லை.

நான் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் காரில் இடம் கிடைப்பதற்கு முன்னால் நான் மொபெட்டில் வேலைக்குப் போனவள். தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் நின்று நின்று, சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். நீ எந்த வண்டிக்கும் பின்னால் நின்றதே இல்லை, உனக்கு எப்போதும் முந்தித்தான் பழக்கம். உன் வேகத்துக்காக, சிக்னலில் உன் பின்னால் நிற்கிறவள் எதற்கு அந்தப் புகையைக் குடிக்க வேண்டும்?

மெக்கானிக்கிடம் ஒன்று கேட்டேன். நல்லா இருந்த பெட்டி ஏன் அடைத்துக்கொண்டது?

"பிளக் ரொம்ப நாளா சரியா எரியல மேடம். எரியாத பெட்ரோல் பெட்டிக்குள்ள போய்ப் போய் அதை உருக்கிடுச்சு. வண்டி உதறியிருக்குமே, அவங்களுக்குத் தெரியலையா?"

தெரியாமல் என்ன? வண்டி உதறும்போதெல்லாம் நீ பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாய். பிளக் மாற்ற வேண்டிய இடத்தில் பாட்டைக் கூட்டி வைத்த மகராசி உலகத்திலேயே நீ ஒருத்திதான். பெட்டியைக் கெடுத்தது நீ. பழி மட்டும் பெட்டி மேல். இந்த விஷயம் உன் காலத்திலேயே தெரிந்திருந்தால் உன்னை எப்படி வறுத்தெடுத்திருப்பேன்! அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல்கூட மிதிக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

"புது கன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்க, பிளக்கையும் மாத்துங்க" என்றேன்.

"எடுத்துட்டா இன்னும் நல்லாப் போகும் மேடம்."

"நல்ல பெட்டி இருந்தா வண்டி ஓடாதா?"

"ஓடுங்க. அடைப்பு போனாலே பழைய இழுவை வந்துடும்."

"அது போதும்."

அவர் உன் தம்பிக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து போன். "அக்கா ஆசைப்பட்டது இது ஒண்ணுதாங்க. வண்டியை உங்களுக்குத்தான் குடுக்கணும்னு எப்பவோ சொல்லி வெச்சிருந்தா. வர்ற தெவசத்துக்குள்ள அவ ஆசைப்படியே செஞ்சுடுங்களேன்" என்றான். பாவம், அவன் குரல் உடைந்தது. போனவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம்தான். உனக்குப் பிடித்த மோர்க்குழம்பை நானே வந்து வைக்கிறேன். வெண்டைக்காய் எத்தனை கிலோ வேண்டுமானாலும் நறுக்குகிறேன். ஆனால் நீ உயிரோடு இருந்தபோது தப்பு என்று சொன்னது, நீ செத்ததால் சரியாகிவிடுமா? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அவ ஆத்மா சாந்தியடைய வேணாமாங்க?" என்று கேட்டான்.

நான் போனை வைத்துவிட்டேன். அவனிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன். எல்லாரும் உன் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று கும்பிடுகிறார்கள். நான் மட்டும் அப்படிக் கும்பிடவே மாட்டேன். நீ சாந்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியவும் தெரியாது. உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது இந்தச் சண்டை ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு நான் யாரோடு பேசுவேன்? கோபித்துக்கொண்டே இருடி.