வாயை மட்டும் அசைத்த கிறிஸ்துமஸ்

என் பாட்டுக்காரிக்கு,

இன்றைக்கு மில்லில் எல்லோருக்கும் புதிதாக இயர் பிளக் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம், கயிறு கோத்தது. கையில் வாங்கியதும் உன் ஞாபகம்தான். நீ ஒரு நாளாவது அதை ஒழுங்காக மாட்டியிருப்பாயா? "காத அடச்சுப்புட்டா சுதி எங்கிட்டுடி பிடிக்கிறது?" என்பாய். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் மட்டும் மாட்டிக்கொள்வாய், கள்ளி.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. வேடசந்தூர் மில் பஸ்ஸில் உன் ஜன்னல் சீட்டில் இப்போது நான்தான் உட்கார்ந்து வருகிறேன். யாராவது கேட்டால் சண்டைக்குப் போய்விடுகிறேன்.

மிஷின் இரைச்சலில் நமக்கு வாயசைவுதானே பேச்சு. எட்டடி தள்ளி நின்று நீ பாடுவாய். நான் உன் உதட்டைப் பார்த்தே பாட்டைப் பிடித்துக்கொள்வேன். 'கேக்குதா?' என்று நீ வாயசைத்தால், வேண்டுமென்றே காதில் கை வைத்து, 'கேக்கல' என்று வாயசைப்பேன். உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். கழுத்து நரம்பு புடைக்க நீ இழுக்கிற இழுப்பு அத்தனை மிஷினையும் தாண்டி வந்து சேரும்.

உனக்கு இருந்தது ஒரே ஆசை. "மிஷின் இல்லாத எடத்துல ஒரு தடவ பாடணும்டி. என் கொரல நானே முழுசாக் கேக்கணும்."

அதற்காகத்தான் சர்ச் பாட்டுக் குழுவில் சேர்ந்தாய். ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், ஒரு மாதம் பயிற்சிக்கு ஓடினாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பாட்டு மாஸ்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். சர்ச்சுக்கு மைக்செட் வாங்கிக் கொடுத்த பெரிய கடைக்காரர் மகள்தான் முன்னால் நின்று பாடப்போகிறாளாம். கீபோர்டு கிளாஸ் எல்லாம் போனவள். "ஒன் கொரல் அந்தப் பாப்பாவ அமுக்குதும்மா. பின்னால நின்னு வாய மட்டும் அசை, போதும்." என்னிடம் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

மறுநாள் நெற்றி நிறைய குங்குமத்தோடு நானும் சர்ச்சுக்கு வந்து உட்கார்ந்தேன், உனக்காக. கடைசி வரிசையில் வெள்ளைச் சேலையில் நின்றாய். அந்தப் பெண் பாடினாள். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பாடினாள். உன் உதடும் கூடவே அசைந்தது. இரண்டாம் சரணம் முடிகையில் என்னைத் தேடிப் பார்த்தாய். மில்லில் கேட்கிற மாதிரியே வாயை அகலத் திறந்து, சத்தமில்லாமல் கேட்டாய்: 'கேக்குதா?'

உன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மனசு நோகக்கூடாதே என்று தலையை ஆட்டினேன். 'கேக்குது, கேக்குது' என்று வாயசைத்தேன். நீயும் கடைசிவரை சத்தமில்லாமலே பாடி முடித்தாய்.

ஆறுதல் சொன்னதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது அந்தத் தலையாட்டலைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். உன்னை எனக்குத் தெரியாதா? காதில் கை வைத்து 'கேக்கலடி' என்று சொல்லியிருந்தால், மாஸ்டராவது மைக்செட்டாவது, நீ ஒரு இழுப்பு இழுத்திருப்பாய். உன் குரலை நீயும் ஒரு தடவை முழுசாகக் கேட்டிருப்பாய்.