அந்தோனியார் செய்த வேலை

என்னங்க, காலேஜுக்குக் கிளம்பிவிட்டேன். மீன்குழம்பு அடுப்படியில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஏன் கிளம்பவில்லை என்று தெரிந்துவிட்டது. காரில் ஒட்டுவதற்கு வேளாங்கண்ணியில் வாங்கினீர்களே, அந்த அந்தோனியார் சிலையின் அடியில் காந்தம் இருக்கிறது. காவலுக்கென்று அவரை, கம்ப்யூட்டரைக் கிளப்புகிற டாஸ் ஃப்ளாப்பி மேல் வைத்தீர்கள், காந்தம் பட்டு அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர், இருந்ததைத் தொலைத்துவிட்டார். "உன் கை பட்டுத்தான் கெட்டுச்சு" என்று நேற்று என்னைத் திட்டியதை அவரிடமே சொல்லுங்கள்.

உறையூர் செபஸ்தியான் சார் வேறு டாஸ் ஃப்ளாப்பி தருவார். முதலில் அதற்கு நகல் எடுங்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் 'வெல்கம் தைரியராஜ்' என்று வருமாறு எப்படியும் எழுதுவீர்கள். கூடவே என் பெயரையும் போடுங்கள்.

பி.கு.: சாயங்காலம் ஃபாதர் கம்ப்யூட்டரை மந்திரிக்க வருகிறார். அதன்மேல் தீர்த்தம் படக்கூடாது. உங்கள்மேல் தாராளமாகத் தெளிக்கட்டும், என்னைத் திட்டிய வாயிலிருந்து தொடங்கி.

அற்புதம்