ஈரத்துணி

யனாகா, டோக்கியோ
1988 பிப்ரவரி 9

என் முசுட்டு ஹரூயே அக்காவுக்கு,

இங்கே பிளம் பூத்துவிட்டது. வடக்கே உன் ஊரில் இன்னும் கூரைமேல் ஏறிப் பனி தள்ளிக்கொண்டிருப்பாய். அத்தான் ஏறட்டும், நீ ஏறாதே. உன் இடுப்பு தாங்காது. ஆப்பிள் பெட்டி வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், நானே தின்று தீர்த்துவிட்டேன்.

நம் வீடு அருங்காட்சியகமாகி இது முதல் குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசல் முழுக்க ஊரார் செருப்பு. அப்பா தபால்காரரைக்கூட உள்ளே விடாத மனுஷர். இப்போது யார் யாரோ அவர் குளியலறையை எட்டிப் பார்த்து, "அட, இவ்ளோ பெரிய சிற்பிக்கு இத்தனூண்டு தொட்டியா!" என்கிறார்கள். பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுச் சிரித்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கடைசியாகச் செய்தது உன் தலையை. முன்பே எழுதினேன், நீ பதில் போடவில்லை. அவர் போனதிலிருந்து அந்தக் களிமண் காயாமல் தினமும் ஈரத்துணி போட்டுக் காப்பாற்றி வருகிறேன், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவதுபோல. இனிமேல் முடியாது. கூட்டம் வரும் நேரத்தில் துணியை எடுக்க வேண்டியிருக்கிறது, குளிருக்கு வைத்த அடுப்போ மண்ணை உறிஞ்சுகிறது. வெண்கலத்தில் வார்க்க அருங்காட்சியகக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மார்ச் 20 அன்று வார்ப்புக்காரர் நகாய் வந்து அச்சு எடுக்கிறார். அச்சு இறுகியதும் உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எறிந்துவிடுவார்கள், ஒன்றும் மிஞ்சாது. அப்பாவின் விரல் பட்டது போய்விடும்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ, அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தமாகி


ஹிரோசாகி
பிப்ரவரி 20

அடி தமாகி,

நலம். ஆப்பிள் மரங்களுக்குக் கிளை வெட்டும் நேரம். மூச்சுவிட நேரமில்லை. முன்பு எழுதியிருந்தாயே, அந்தப் பல்வலி என்னாயிற்று? சட்டென்று போய்ப் பிடுங்கிப் போடு. சின்ன வயதிலிருந்தே பல் வைத்தியர் என்றால் நீ ஓடி ஒளிந்துகொள்வாய்.

நான் வரமாட்டேன். நான் இவரோடு கிளம்பிய அன்று அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாயே. "ஆப்பிள்காரனோட போறியா? போ. இனிமே இந்த வாசல்ல உன் செருப்பைப் பாக்கக் கூடாது." மனுஷர் போய்விட்டார், அந்தச் சொல் போகவில்லை.

எனக்குப் பிள்ளை பிறந்தது. ஒரு வரி இல்லை. இவருக்குக் கால் முறிந்து தோட்டம் பாழாய்ப் போன வருஷமும் ஒரு வரி இல்லை. கடைசியில் களிமண்ணில் என்னைச் செய்தாராம்! ஒரு தபால் அட்டை வாங்கி எழுத முடியவில்லையா அவரால்? எந்த முகத்தைச் செய்திருப்பார் என்றும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரை முறைத்துவிட்டு வந்தேனே, அதைத்தான். அதைப் பார்க்க ரயிலேறி வேறு வர வேண்டுமாக்கும்.

வார்க்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹரூயே


யனாகா
மார்ச் 11

அக்கா,

நேற்று நடந்ததைக் கேள். வாசலைப் பார்த்துக்கொள்ளும் ஒகுபோ ஐயா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பொய் சொல்லத் தெரியாதவர். அவர் சொன்னது சொன்னபடி எழுதுகிறேன்.

"ஒரு அம்மா வந்தாங்க. வடக்கத்திப் பேச்சு. செருப்பை அடுக்குல வைங்கன்னேன். இல்லைங்க, இந்த வாசல்ல விடக் கூடாதுன்னு பையில போட்டுக் கையோட கொண்டு போனாங்க. நேரா பட்டறைக்குப் போனாங்க. அந்தத் தலை முன்னாடி ஒரு நிமிஷம் நின்னாங்க. சட்டுனு கயிறைத் தாண்டிட்டாங்க! 'ஐயோ, தொடக் கூடாதும்மா'ன்னு ஓடினேன். 'காது ஓரமா விரிசல் விடுது, கண்ணு தெரியலையா? காவலுக்கு நிக்கிறீராம்!'னு என்னையே ஏசிட்டாங்க. வாளி எங்க இருக்குன்னு கேக்கக்கூட இல்ல. படிக்குக் கீழ கையை விட்டு எடுத்தாங்க. துணியை நனைச்சு, பிழிஞ்சு, தலையைப் போத்திவிட்டாங்க. அப்புறம் அது மேல கையை வச்சுக்கிட்டே நின்னாங்க. ஏதோ பேசினாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

பாவி! வந்தாயே, என்னைப் பார்க்காமல் போனாயே! நீ எழுதினாய் என்றுதான் பல் பிடுங்கப் போனேன். வாய் நிறையப் பஞ்சோடு வந்து நின்று, ஒகுபோ ஐயா சொல்லச் சொல்லச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, பஞ்சு தொண்டைக்குள் போகப் பார்த்தது.

ஒஸாகாவிலிருந்து ஒரு கூட்டம் வந்து, துணி மூடிய தலையைச் சுற்றிச் சுற்றி வந்து, "நவீனமா இருக்கே" என்று மெச்சிவிட்டுப் போனது. நான் மறுக்கவில்லை. நேற்று முழுக்க அந்தத் துணியை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அக்கா.

கோபமில்லை. ஒரு வரி எழுது.

தமாகி


ஹிரோசாகி
மார்ச் 14

என் தமாகிக் கண்ணுக்கு,

நான்தான். சொல்லாமல் வந்து சொல்லாமல் போக நினைத்தேன். காய்கிற மண்ணைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

முறைக்கிற முகம் இல்லையடி அது. நீ ஏன் எழுதவில்லை? அதில் நான் சிரிக்கிறேன். அத்தனை வருஷம் கழித்து, எதிரில் ஆள் இல்லாமல், என் தெத்துப்பல்கூட மறக்காமல் செய்திருக்கிறார். துணியைப் போர்த்திவிட்டு, "குளிருதாப்பா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பத்தொன்பதாம் தேதி சாயங்கால ரயிலில் வருகிறேன். உன் அத்தானும் வருகிறார். உன் பக்கத்தில் எனக்கு ஒரு படுக்கை போடு. நகாய் அச்சு எடுக்கட்டும். அச்சுக்குள்ளிருந்து மண்ணைத் தோண்டுவதை மட்டும் அவர் செய்ய வேண்டாம். அப்பா அந்த வேலையை என்னைத் தவிர யாரிடமும் விட்டதில்லை. என் முகத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்.

வந்ததும் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அவர் இருக்கும்போதே வந்திருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிடாதே, தமாகி. திரும்பி வரும் வழியெல்லாம் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உன் அக்கா
ஹரூயே