நாலாம் வகுப்பு மூலையில் வந்த முனி

1961 ஓகஸ்ட் 14

வெட்கம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். இன்று அழுதேன். காலைப் பெரட்டில், தேயிலை மலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி ஆண்டியப்பன், "வெள்ளிக்கிழம பள்ளிக்கூடத்த இடிக்கிறோம், கவ்வாத்து ஆளுங்க எல்லாம் அலவாங்கோட வந்துருங்க" என்றதும் கண் நிறைந்துவிட்டது. நாற்பத்தைந்து வயசு ஆம்பளை. பக்கத்தில் நின்றவன் பார்த்துவிட்டான். பூச்சி விழுந்துவிட்டது என்றேன். ரெண்டு கண்ணுலயுமா என்றான்.

தோட்டத்துத் துரைக்குப் புதுக் கார் வந்திருக்கிறது. அது மழையில் நனைகிறதாம், கொட்டகை கட்ட இடம் வேண்டுமாம். பிள்ளைகள் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். கார் பாவம்.

ஓகஸ்ட் 15

அழுகிற அளவுக்கு அது என்ன பெரிய காலேஜா? ஒரே அறை, தகரக் கூரை, ஐந்து வகுப்பு. அறைக்கு மூலை நாலுதானே, அதனால் ஐந்தாம் வகுப்பு வாசலில். மழை வந்தால் அதுவும் உள்ளே வரும். தகரத்தில் மழை அடிக்கும்போது வாத்தியாரின் வாய் அசைவது மட்டும் தெரியும். எனக்கு நன்றாக விளங்கிய பாடங்கள் அவைதான்.

மீசை முளைக்கும்வரை நாலாம் வகுப்பு மூலையிலேயே இருந்தவன் நான். அப்போதிருந்த மகாலிங்கம் வாத்தியார், "நீயும் நானும் ஒண்டாத்தான் பென்சன் எடுப்பம் போல கிடக்கு" என்பார். எதிர்மூலையில் சண்முகவடிவு. அவள் சடையில் கொய்யா விதை போடுவதுதான் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை. பிற்பாடு என்னையே கட்டிக்கொண்டு பழி தீர்த்துக்கொண்டாள்.

ஓகஸ்ட் 16

என் மகள் பூரணி ஐந்தாம் வகுப்பு. டிசம்பரில் பாஸ் பண்ணினால் பூண்டுலோயா டவுன் பள்ளிக்கூடத்தில் தானே கூட்டிப்போய்ச் சேர்ப்பதாக இப்போதைய வாத்தியார் பேரின்பநாயகம் சொல்லியிருக்கிறார்.

கங்காணி இன்று, "பள்ளிக்கூடந்தான் போகப் போகுதே, புள்ளைக்கு வேலைக்குப் பேர் பதிஞ்சு கொழுந்துக் கூடையக் குடுத்துரலாமா?" என்றார். என்ன கரிசனம்.

வடிவு ரொட்டியைக் கல்லில் அறைந்து அறைந்து போட்டாள். பூரணிதான், "எதாச்சும் செய்ங்கப்பா" என்றாள்.

ஓகஸ்ட் 17

செய்துவிட்டேன்.

இங்கே எந்த வேலையும் சாமி கும்பிடாமல் தொடங்காது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட ஒரு சாமி, கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் ரோதைச் சக்கரம் சுற்ற ஒரு முனி. மஞ்சள் பூசின கல்லைத் தொட எந்தத் துரைக்கும் துணிச்சல் கிடையாது. தொட்டால் மறுநாள் ஒரு ஆளும் வேலைக்கு மலையேற மாட்டோம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் இல்லை? அந்தியில் ஆற்றிலிருந்து ஒரு கல் எடுத்தேன். வடிவின் மஞ்சளையும் குங்குமத்தையும் திருடிப் பூசினேன். நாலாம் வகுப்பு மூலையில் கொண்டுபோய் வைத்தேன். என் இடம்தான், சாமிக்கு விட்டுக்கொடுத்தேன்.

ஓகஸ்ட் 18

பலித்துவிட்டது! உள்ளே போன கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அலவாங்கெல்லாம் தரையில். துரை வந்தார், கல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பிப் போனார்.

பேரின்பநாயகம் வாத்தியார் மட்டும் என்னையே பார்த்தார். "என்ன காணும், நேற்று இல்லாத சாமி இண்டைக்கு எங்கையிருந்து வந்தது?"

"லீவு முடிஞ்சு வந்திருக்காருங்க சார்."

சிரித்துவிட்டார். பூரணி வாசலில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஓகஸ்ட் 21

கங்காணி உத்தரவு: சாமி இருக்கிற இடத்தில் பிள்ளைகள் எச்சில் தொட்டுச் சிலேட்டு அழிக்கக்கூடாது. கதவுக்குப் பூட்டு.

அடப்பாவி — என்னைத்தான் சொல்கிறேன்.

ஓகஸ்ட் 24

கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் வகுப்பு நடக்கிறது. வாத்தியார் வாய்பாடு சொல்லிக்கொண்டே தொட்டில் ஆட்டுகிறார். பிள்ளைகள் தூங்கிவிடுகின்றன, இரண்டு வகையும்.

ஓகஸ்ட் 29

போய்ச் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய?

"அந்தக் கல்ல வச்சது நாந்தாங்க."

கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கனவுல வந்து சொல்லுச்சா?"

"இல்லீங்க, நானே—"

"நானேன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. அது ஒன்னைய வைக்க வச்சிருக்குடா. இனிமே நீதான் பூசாரி."

உண்மையைச் சொன்னால் உத்தியோகம் உயரும் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

செப்டம்பர் 3

முனிக்குக் கூரை ஆகாதாம். வானத்தைப் பார்த்து நிற்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை, துரை சொல்லவில்லை, பெரட்டு இல்லை, ஆனாலும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு லயம் லயமாக வந்து இடித்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு. மத்தியானத்துக்குள் சுவர் இல்லை. தகரத்தைத் துரை கேட்டனுப்பினார், கொடுத்துவிட்டோம். கார் இனி நனையாது.

பூசாரி அலவாங்கு தொடக்கூடாது, நின்று பார்த்தேன். வடிவு உட்கார்ந்த மூலைதான் கடைசியாக விழுந்தது.

"என்னா, மறுபடியும் பூச்சியா?" என்றாள் வடிவு. அவள் கண்ணிலும்தான் விழுந்திருந்தது.

செப்டம்பர் 11

வாத்தியார் மாற்றலாகிப் போனார். பஸ் ஏறும்போது பூரணியிடம், "படிப்பை விட்டிடாதை பிள்ளை" என்றார். எங்கே வைத்துப் படிப்பது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் 18

பூரணிக்குப் பேர் பதிந்தாயிற்று. கூடை புதுசு.

செப்டம்பர் 22

முதல் பூசை. உடுக்கு அடித்தால் பூசாரி ஆடத்தான் வேண்டும், ஆடினேன். ஒவ்வொருவராக வந்து குறி கேட்டார்கள். தொலைந்த ஆடு, அமையாத மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் வாயில் வந்ததைச் சொன்னேன். பூரணி வந்தாள். நெற்றியில் கூடைக்கயிற்றின் தடம். கையைக் கூப்பிக்கொண்டு, "சாமி, பள்ளிக்கூடம் எப்ப தொறப்பாங்க?" என்றாள்.

சாமி அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றது. கற்பூரத் தட்டு சாய்ந்து வேட்டி நுனியில் தீப்பிடித்தது. வடிவு தீர்த்தச் செம்பைக் கவிழ்த்து அணைத்தாள். வேட்டியில் ஒரு முழம் போயிற்று. மீதிப் பூசையைக் கங்காணியின் சாரத்தைக் கட்டிக்கொண்டு முடித்தேன்.