பெரியவனை எழுப்ப வேண்டாம்

பெரியவன் அம்மாவுக்கு,

நேற்று மாலை நம் கூடத்தில் இருந்தவர்கள்: போதகர், சபைச் செயலாளர், உன் தம்பி, பெரியவன், நான். நீ அடுப்படியில் இருந்தாய். ஐந்து வருடம் வெளிநாட்டில் ஊழியம் செய்துவிட்டு வந்தவனிடம் செயலாளர், "எத்தனை பேர் சபையில சேர்ந்தாங்க தம்பி? நாளைக்கு ஆரம்பிக்கிற நம்ம கூட்டம் ஒன்பதுலயும் பேசிடுறீங்கல்ல?" என்று அடுக்கிக்கொண்டே போனார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். உன் தம்பி சிரித்தான். "ஜெபம் பண்றான்" என்று சொல்லி நம் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். குறட்டை காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்று அவன் பேசமாட்டான் என்று சொல்லத்தான் கோயிலுக்குப் போகிறேன். ஊழியக்காரனைத் தாங்குவது என்றால் முதலில் அவனைத் தூங்கவிடுவது என்றும் சொல்வேன். அவன் கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள நான் இஸ்திரி போட்டு வைத்த கோட்டால்தானே நீ என்னோடு பேசவில்லை? அதை அலமாரிக்குள் மாட்டிவிட்டேன். முதலில் அவன் ஓய்வெடுக்கட்டும் என்று நீ சொன்னதே சரி. உன் தம்பி முன்னால் இதைச் சொல்லிக்காட்டாதே.

அவனுக்கு முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். எழுந்தால் கொடு. எழுப்பாதே.

பி.கு: நீ பால் வாங்கப் போயிருந்தபோது அவனை அழைத்துப்போகச் செயலாளர் வந்தார். அவர் முகத்துக்கு நேரே நான் கேட்டைப் பூட்டினேன் என்று எதிர்வீட்டம்மா சொல்வாள். பொய். கேட் முன்பே பூட்டியிருந்தது. நான் திறக்கவில்லை.