பரிவட்டத்துக்கு உரியவர்

என்னைப் பெற்ற அப்பாவுக்கு,

அங்கே யார் யாரோடு இருக்கிறீர்களோ, தெரியவில்லை. இங்கே அல்சூரில் மழை விட்டபாடில்லை. கூடத்துச் சுவரில் நீங்கள் மாட்டிவைத்த வம்சப் படம் கீழ்ப்பக்கமாக ஊறிப்போய்விட்டது. உச்சியில் வாளோடு நிற்கிற உங்கள் நாடாள்வானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடியில் இருக்கிற நாம்தான் நனைந்திருக்கிறோம். அம்மா அதைக் கழற்றச் சொல்கிறாள், தம்பி சந்திரன் கழற்றமாட்டேன் என்கிறான். இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நாட்டில் ராஜாக்கள் எல்லோரும் சிம்மாசனத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தபோதுதான், அப்பா, நீங்கள் ஏறினீர்கள். சுதந்திரம் வந்த வருஷம் சர்க்கார் கச்சேரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆனேக்கல் பக்கம் இருக்கிற நம் குலதெய்வக் கோயிலுக்குப் போய், சுவரோரம் கிடந்த கல்லில் அரிசி மாவைத் தடவி எழுத்தைப் படித்துவிட்டு வந்தீர்கள். சோழர் காலத்தில் அந்தப் பக்கத்தை ஆண்ட நாடாள்வான் ஒருவன் கோயிலுக்கு நிலம் விட்டதாகத் தமிழில் வெட்டியிருந்ததாம். வாரா வாரம் மாவு போனது. "கல்லுக்குப் பூசுற மாவுல நாலு தோசை ஊத்தலாம்" என்று அம்மா முணுமுணுத்தாள். உங்கள் காதில் அது விழவில்லை.

அந்தக் கல்லுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பரிவட்டத்தைக் காட்டுவீர்கள். கோயில் திருவிழாவில் சாமிக்குச் சாத்திய பட்டுத்துணியை முதலில் நம் வீட்டு ஆண் தலையில்தான் பூசாரி கட்டுவார். தாத்தாவுக்குக் கட்டியதைச் சின்ன வயதில் பார்த்தவர் நீங்கள். "சும்மா கட்டுவாங்களாம்மா? ஆண்டவங்க வீட்டுக்குத்தான் முதல் மரியாதை" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். கல்லில் நாடாள்வான், நம் தலையில் பரிவட்டம். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். இடையில் இருந்த தலைமுறைகளுக்குப் படத்தில் வெறும் கோடுதான்.

அந்த முடிச்சு என் கழுத்தில்தான் விழுந்தது.

அத்தை தட்டோடு வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்களுக்குக் கூடப்பிறந்தவள் என்று ஒரே ஒரு தங்கை. ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து, வெற்றிலை பாக்கு பூ பழத்தோடு, தன் மகன் மாணிக்கத்துக்கு என்னைக் கேட்டு வந்தாள். முறைப்படி அவருக்குத்தான் முதல் உரிமை. அவர் ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர். தட்டை வாங்காமலே சொன்னீர்கள்.

"நாடாள்வான் வீட்டுப் பொண்ண கண்டக்டருக்குக் குடுக்க முடியுமா?"

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்திருக்க வேண்டாம். "எந்த நாட்ட ஆண்டோம்ண்ணே நாம? நம்ம தாத்தாவோட அப்பா பட்டாளத்துக்கு மூட்டை வண்டி ஓட்டிக்கினு வந்தவரு. பேரச் சொல்லட்டுமா?"

சொல்ல விடவில்லை நீங்கள். வெளியே போ என்று கையைக் காட்டினீர்கள். அந்தத் தட்டில் இருந்த பூ, அத்தை படியிறங்கும்போது வாசலில் சிந்தியது. நான்தான் பெருக்கினேன்.

பிறகு வந்த இடங்களில் ஒன்றாவது உங்களுக்குப் பிடித்ததா? ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். "உங்க வம்சம் எது?" என்றீர்கள். அவர் தன் அப்பா பெயரைச் சொன்னார். "அதுக்கு மேல?" என்றீர்கள். மனிதர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். நாளடைவில் யாரும் வரவில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போனேன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் இணைத்துவைக்கிற உத்தியோகம். நீங்கள் மாவை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய அன்று அத்தைக்குத் தந்தி கொடுத்தோம். அவள் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேச ஐயர் வந்தார். உங்கள் பிண்டத்தை உங்கள் அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா ஆகிய மூன்று பேருடைய பிண்டத்தோடு பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், அப்போதுதான் நீங்கள் முன்னோர்களோடு சேர்வீர்கள் என்றார். இரண்டு பெயர் சொன்னான் சந்திரன். மூன்றாவதற்குச் சுவரைப் பார்த்தான். அங்கே கோடுதான் இருந்தது.

"தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தவர் பேரு இருக்கு சாமி. அது ஆகாதா?"

"அவ்வளவு தூரம் மந்திரம் போகாதுப்பா. மேல மூணு பேருதான் வந்து கூட்டிட்டுப் போவாங்க."

பெயர் தெரியாவிட்டால் பொதுவாகச் சொல்லிக்கொள்ளவும் வழி உண்டாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். சந்திரனுக்கு அது போதும் என்று பட்டது. எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை, அப்பா. ஆனாலும் ஊர் பேர் தெரியாதவர் கையில் உங்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் எப்படிச் சாப்பிட்டுத் தூங்குவது?

மறுநாள் ஆனேக்கல் பஸ் ஏறினேன். தீட்டோடு படியேறக் கூடாதென்று அத்தை வீட்டு வாசலிலேயே நின்றேன். அவள் வெளியே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"சும்னே வெயில்ல நிக்காத. செத்தது எனக்கும் அண்ணந்தான். உள்ள வந்து குந்து."

வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"மாட்டுவண்டிக்காரன் பேரு எதுக்கு இப்ப? ராஜாவோடயே சேத்துடுங்க. அதுக்குத்தானே அத்தினி வருஷம் அலைஞ்சாரு."

தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணும் ஏறலியாம்மா?"

"இல்ல அத்தை."

"வேற எடமே பாக்கலியா?"

"பாத்தாரு. எதுவும் அவருக்குச் சரிப்படல."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உங்களுக்காக அழுதாளா, எனக்காகவா, கேட்கவில்லை. பிறகு தானாகவே சொன்னாள்.

"குப்பன். எங்க தாத்தாவோட அப்பா பேரு குப்பன். பட்டாளத்து வண்டி வேலை விட்டப்புறம் அந்தக் கோயில்கிட்டத்தான் இருந்தாரு. கோயில் கெணறு வெட்டறப்போ கல்லு சரிஞ்சு அவரு மாடு ரெண்டும் உள்ள போயிடிச்சி. மாடு போனா வண்டிக்காரனுக்கு என்னா இருக்குது? அப்பவும் தோள்ல மண்ணு சொமந்து கெணத்த முடிச்சிக் குடுத்தாரு. அதுக்கு ஊரு கட்டினதுதான் பரிவட்டம்."

"அப்பாவுக்கு இது தெரியாதா அத்தை?"

"தெரியாம? எங்கப்பா எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல படுக்க வெச்சுக்கினுதானே சொன்னாரு."

தெரிந்திருந்ததா, அப்பா? கச்சேரியில் உங்களை யாராவது கேவலமாகப் பேசினார்களா? எந்தத் துரையிடம் என்ன வார்த்தை வாங்கிக்கொண்டு வந்து, குப்பனை மறைக்க நாடாள்வானைத் தேடினீர்கள்? இப்போது கேட்டு என்ன பயன். உயிரோடு இருந்தபோது யார் உங்களைக் கேட்டோம்.

திரும்பும்போது மாணிக்கம் மாமாதான் பஸ் ஏற்றிவிட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னது அவர் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ஒடம்பப் பாத்துக்கோ சரோஜா" என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அப்பா. ரொம்பப் பிடித்திருந்தது. அன்றைக்கு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, நீங்கள் ஒரு வார்த்தை என்னைக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்.

பதினாறாம் நாள் அத்தை வந்தாள். மூன்றாவது பெயர் வந்தபோது சந்திரன் குரலை இறக்கினான். சுற்றிலும் உங்கள் ஆபீஸ் சிநேகிதர்கள் உட்கார்ந்திருந்தார்களே. "சத்தமா சொல்லுப்பா" என்றார் ஐயர். அவன் தயங்க, பின்னாலிருந்து அத்தை சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் பிண்டத்தைப் பிட்டு மூன்றிலும் சேர்த்துப் பிசைந்தார்கள். அதற்குப் பிறகு எது நீங்கள், எது குப்பன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் உங்களைக் கூட்டிப்போக வந்திருப்பார் அல்லவா? முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பரிவட்டம் அவருடையது. நாமெல்லாம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

எனக்கு இனிமேல் கல்யாணம் நடக்கப்போவதில்லை. அதை நினைத்து நீங்கள் அங்கே வருந்த வேண்டாம் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. கொஞ்சம் வருந்துங்கள், அப்பா. ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். சந்திரனின் மகள் வளர்ந்து, அவளைக் கேட்டு யார் தட்டோடு வந்தாலும், அவர்களுடைய முப்பாட்டனை நான் விசாரிக்கமாட்டேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய், அங்கே நிற்கிறவளிடம் முதலில் கேட்பேன்.

இப்படிக்கு,
வண்டிக்காரர் குப்பனின் எள்ளுப்பேத்தி,
உங்கள் மூத்த மகள் சரோஜா